யார் போய்ப் பார்ப்பது?

வாசகர் கேள்வி - பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் ஒரே விஷயம் பலவிதமாகக் கேட்கப்பட்டிருக்கிறது. தன் நாட்டில் ஜனநாயகம் வேண்டிப் போராடும் அரசியல்வாதி ஒருவர் வேற்று நாட்டுக்குப் பயணம் வரும்போது, அந்த நாட்டு அரசில் அவரை யார் சந்திப்பது, அதை எப்படித் தீர்மானிப்பது? டெல்லியிலும் வாஷிங்டனிலும் என்ன நடக்கிறது என்று கேட்டவர்கள் உண்டு. தங்கள் கல்லூரிக்கே அப்படி ஒருவரை அழைத்துவிட்டு, ஆட்சியரைக் கூப்பிடலாமா என்று கேட்டவர்களும் உண்டு.

வேற்று நாட்டு எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் வந்தால் அமைச்சர் பார்ப்பதா, செயலர் பார்ப்பதா என்று நாள்கணக்கில் கோப்பு சுற்றுகிறது என்கிறார்கள். எங்க ஊர்ல கல்யாணப் பத்திரிகை வைக்க யார் போறதுன்னு வீட்ல உட்கார்ந்து பேசுற மாதிரிதானுங்களா இதுவும்?
- குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் வாசகி, அவிநாசி

பாதி அப்படித்தான். பெரியவர் போய்ப் பத்திரிகை வைத்தால் மரியாதை, சின்னப் பையனிடம் கொடுத்தனுப்பினால் மனத்தாங்கல். ஆனால் அங்கே கொடுப்பவர், வாங்குபவர் என்று இரண்டு வீடுதான். இங்கே மூன்றாவதாக ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்: வந்தவரின் நாட்டை இப்போது ஆளும் அரசு. நமக்குத் தூதரக உறவு அந்த அரசோடுதான். அங்கே நம் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள், நம் சரக்கு இறங்குகிறது, அங்கே சிறையில் இருக்கும் நம்மவரை மீட்க அவர்களிடம்தான் பேசியாக வேண்டும். அதனால் நாம் அனுப்பும் ஆளின் பதவி, வந்தவருக்குச் செய்யும் மரியாதை என்பதோடு நிற்காது. அவர் நாட்டு அரசு அதை நம் நிலைப்பாடாகவே எடுத்துக்கொள்ளும்.

கோப்பில் நான்கு கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும். வந்தவர் சட்டப்படி யார்: பதவியில் இருக்கும் எம்.பி.யா, முன்னாள் அமைச்சரா, தண்டனை பெற்று வெளியேறியவரா? அவர் என்ன கேட்கப்போகிறார்? அதில் எதை நம்மால் செய்ய முடியும்? சந்தித்த பிறகு வெளியே என்ன சொல்லப்போகிறோம்?

இதில் கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் எழுத வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. மறுநாள் காலை பத்திரிகையாளர் கேட்டால் அரசு சொல்லப்போகும் ஒரே வாக்கியத்தைத் தாளில் எழுதுங்கள். அதைத் தயங்காமல் சொல்லக்கூடிய பதவி எதுவோ, அந்தப் பதவியில் இருப்பவரே சந்திக்க வேண்டியவர். 'அந்நாட்டு நிலவரத்தைக் கேட்டறிந்தோம்' என்பதுதான் வாக்கியம் என்றால் இணைச் செயலர் போதும். 'கைது நடவடிக்கைகள் பற்றி எங்கள் கவலையைச் சொன்னோம்' என்றால் செயலரோ இணை அமைச்சரோ வேண்டும். 'அவருடைய போராட்டத்துக்கு எங்கள் ஆதரவு உண்டு' என்றால் அமைச்சருக்குக் கீழே யார் சொன்னாலும் எடுபடாது. வாக்கியம் ஒரு தட்டிலும் ஆள் வேறு தட்டிலும் இருக்கும்போதுதான் குழப்பம் வருகிறது.

சந்திக்கவில்லை என்றாலும் அதற்கும் ஒரு வாக்கியம் தயாராக வேண்டும். 1975இல், நாடுகடத்தப்பட்ட சோவியத் எழுத்தாளர் சொல்செனிட்சின் வாஷிங்டனுக்கு வந்தபோது, சோவியத்தோடு சமரசம் காணும் ஹெல்சிங்கி மாநாடு நெருங்கிய நேரம். வெளியுறவு அமைச்சர் கிஸ்ஸிங்கர் தரப்பின் ஆலோசனைப்படி அதிபர் ஃபோர்டு அவரைச் சந்திக்கவில்லை. ஏன் சந்திக்கவில்லை என்று நேராகச் சொல்லும் ஒரு வரி வெள்ளை மாளிகையிடம் இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு அழைப்பு போனது. சொல்செனிட்சின் வரவில்லை. சந்தித்த பலனும் கிடைக்கவில்லை, சந்திக்காத பலனும் கிடைக்கவில்லை.

நம் வெளியுறவு அமைச்சகத்தில் கீழிருந்து மேல்வரை என்னென்ன படிகள்? ஒவ்வொரு படிக்கும் பொருள் என்ன?
- சமூக அறிவியல் ஆசிரியர், ஈரோடு

அமைச்சகத்தில் நாடுகள் வட்டாரவாரியாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் பொதுவாக ஓர் இணைச் செயலர் தலைவராக இருப்பார். அவருக்குக் கீழே சார்புச் செயலர், துணைச் செயலர், இயக்குநர். மேலே கூடுதல் செயலர், செயலர்கள், அவர்களுக்கெல்லாம் மூத்தவராக வெளியுறவுச் செயலர். அதற்கு மேல் அரசியல் தளம்: இணை அமைச்சர், வெளியுறவு அமைச்சர், பிரதமர். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் இந்த வரிசைக்குப் பக்கவாட்டில் இருக்கிறார். அவர் சந்தித்தால் அது பாதுகாப்பு விஷயமாகப் பார்க்கப்படும்.

படிப்பவர்கள் பலர் கவனிக்காத இடம் இணைச் செயலர் படி. அந்த நாட்டைப் பற்றி அரசுக்குள் மிக அதிகம் தெரிந்தவர் அவர்தான். தூதரகத் தந்திகள் அவர் மேசைக்கு வருகின்றன. வந்தவர் சொல்வதில் எது புதிது, எது பழையது, எது மிகை என்று அந்த இடத்திலேயே பிரித்தறிய அவரால் முடியும். அமைச்சர் சந்தித்தால் படம் கிடைக்கும், 20 நிமிடம் கிடைக்கும். இணைச் செயலர் சந்தித்தால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பேசலாம். தகவல் வேண்டுமென்றால் இந்தப் படியே மேல். கைதான தோழர்களின் பட்டியல், விசா சிக்கலில் மாட்டிய மாணவர்கள், குடும்பத்தின் பாதுகாப்பு போன்ற நுணுக்கமான விஷயங்களோடு வருபவருக்கும் இவரைப் பார்ப்பதே பயன். ஆனால் வந்தவரின் கட்சிக்காரர்கள் ஊரில் காத்திருப்பது படத்துக்கு. இதை அவருடைய உதவியாளரிடம் முன்கூட்டியே வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். வந்து இறங்கிய பிறகு 'அமைச்சர் இல்லையா?' என்ற கேள்வி எழுந்தால், சந்திப்பு தொடங்குமுன்பே கசந்துவிடும்.

இரண்டு படிகளைச் சேர்த்துக் கட்டும் வழியும் உண்டு. 2014 ஏப்ரலில் ஹாங்காங்கின் ஜனநாயகத் தலைவர் மார்ட்டின் லீயும், முன்னாள் தலைமைச் செயலர் அன்சன் சானும் வாஷிங்டன் போனார்கள். வெள்ளை மாளிகையில் அவர்களுக்குக் குறிக்கப்பட்டிருந்தது தேசியப் பாதுகாப்புக் குழு அதிகாரிகளோடு ஒரு சந்திப்பு. நடுவில் துணை அதிபர் பைடன் வந்து கலந்துகொண்டார். நிகழ்ச்சி நிரலில் அதிகாரிகள் மட்டும், அறைக்குள் துணை அதிபர். அதே ஆண்டு ஜூலையில் லண்டனில் அவர்களைச் சந்தித்தவர் பிரதமர் கேமரன் அல்ல, துணைப் பிரதமர் நிக் கிளெக். இரண்டு தலைநகரங்களும் உச்சிக்கு ஒரு படி கீழே நின்றுகொண்டன.

யார் சந்தித்தார் என்பது சரி. எந்த அறையில் என்பதற்குக்கூட அர்த்தம் உண்டுங்களா?
- வாசகர், சென்னிமலை

நிச்சயமாக உண்டு. 2010 பிப்ரவரி 18 அன்று அதிபர் ஒபாமா திபெத்திய மதத் தலைவர் தலாய் லாமாவைச் சந்தித்தது வெள்ளை மாளிகையின் ஓவல் அலுவலகத்தில் அல்ல, வரைபட அறையில். ஓவல் அலுவலகம் நாட்டுத் தலைவர்களை வரவேற்கும் இடம். வரைபட அறை அதிபரின் இல்லப் பகுதியைச் சேர்ந்தது. ஆள் மாறவில்லை, அறையை மாற்றி 'இது அரசுகளுக்கு இடையிலான பேச்சு அல்ல' என்று காட்டினார்கள். அடுத்தடுத்த சந்திப்புகளுக்கும் அந்த அறையே. சீனா ஒவ்வொரு முறையும் கண்டித்தது. ஆனாலும் அந்தக் கண்டனத்துக்குப் பதில் சொல்ல வெள்ளை மாளிகைக்கு ஒரு வாதம் கையில் இருந்தது.

இடத்தைப் போலவே சந்தர்ப்பமும். 2019 செப்டம்பரில் ஹாங்காங் இளைஞர் தலைவர் ஜோஷுவா வாங்கை ஜெர்மனி வெளியுறவு அமைச்சர் ஹைக்கோ மாஸ் சந்தித்தது தன் அலுவலகத்தில் அல்ல, ஒரு நாளிதழ் நடத்திய விழாவில். ஆனால் படம் வெளியானதும் பெய்ஜிங் ஜெர்மனித் தூதரை அழைத்துக் கண்டித்தது. விழாவில் நின்று பேசினாலும் அவர் வெளியுறவு அமைச்சர்தான். அறையையோ சந்தர்ப்பத்தையோ குறைத்துக் காட்டுவது ஓரளவே உதவும். பதவி பெரிது என்றால் அது எங்கே நின்றாலும் பெரிதாகவே தெரியும்.

கொடி, மேசை, படம், அறிக்கை ஆகியவற்றையும் தனித்தனியாகத் தீர்மானிக்க வேண்டும். மேசைக் கொடி இரு அரசுகளுக்கானது. வந்தவர் அரசின் சார்பில் வரவில்லை என்பதால் எந்தக் கொடியும் வைக்காமல் இருப்பதே சரி. படம் எடுப்பதானால் இரு தரப்பும் ஒரே நேரத்தில் வெளியிடச் சம்மதிக்க வேண்டும். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். வந்தவரின் உதவியாளர் காரில் ஏறும்போதே கைப்பேசிப் படத்தைப் போட்டுவிடுவார். அமைச்சகத்தின் அறிக்கை மூன்று மணி நேரம் கழித்து வரும். இடையில் ஊடகம் தன் போக்கில் ஒரு கதை கட்டிவிடும்.

திருப்பூரிலிருந்து ஏற்றுமதி செய்கிறோம். அரசியல் சந்திப்பு ஒன்றால் வியாபாரம் அடிபடும் என்பது உண்மையா, பூச்சாண்டியா?
- பின்னலாடை உற்பத்தியாளர், திருப்பூர்

உண்மை. ஆனால் எல்லாச் சந்திப்புக்கும் அல்ல. இதில் பதவியின் உயரம் நேரடியாக வேலை செய்கிறது. ஜெர்மன் பொருளியலாளர்கள் ஆண்ட்ரியாஸ் ஃபூக்ஸும் நில்ஸ்-ஹென்ட்ரிக் கிளானும் தலாய் லாமா சந்திப்புகளையும் சீனாவுக்கான ஏற்றுமதியையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். நாட்டின் தலைவரோ அரசின் தலைவரோ சந்தித்த நாடுகளின் ஏற்றுமதி குறைந்தது. அந்த விளைவு சீன அதிபர் ஹூ ஜின்டாவ் ஆட்சிக்காலத்தில்தான் தெரிந்தது. இரண்டு ஆண்டுகள் போல நீடித்து மறைந்தது.

தனித்தனி நாடுகளின் அனுபவமும் இருக்கிறது. 2010இல் சீனச் சிறையில் இருந்த ஜனநாயகப் போராளி லியூ சியாவ்போவுக்கு நோபல் அமைதிப் பரிசு அறிவித்தது நோபல் குழு. அது நார்வே அரசின் முடிவு அல்ல. இருந்தும் சீனா நார்வேயோடு உறவை முடக்கியது. சால்மன் மீன் ஏற்றுமதி அடிபட்டது. 2016 டிசம்பரில்தான் உறவு சீரானது. நடுவில் 2014இல் தலாய் லாமா ஆஸ்லோ வந்தபோது அரசுத் தரப்பில் யாரும் சந்திக்கவில்லை. மங்கோலியாவில் 2016 நவம்பரில் தலாய் லாமா வந்துபோனதும் சீனா கடன் பேச்சை ஒத்திவைத்தது, எல்லையில் சரக்குக் கட்டணம் கூட்டியது. அடுத்த மாதமே இனி அழைப்பதில்லை என்று அந்நாட்டு வெளியுறவு அமைச்சர் சொல்ல வேண்டிவந்தது.

தொழில் அமைப்புகள் 'யாரும் சந்திக்கவே கூடாது' என்று மனு கொடுப்பதை நாங்கள் ஏற்கவில்லை. ஜனநாயகத்துக்காகச் சிறை போனவர் வாசலில் நிற்கும்போது கதவை மூடுவது ஒரு நாட்டுக்கு அழகில்லை. நீங்கள் கேட்க வேண்டியது வேறு: சந்திப்பு எந்த மட்டத்தில் என்று முன்கூட்டி அறியும் வாய்ப்பு. அந்த நாட்டிலிருந்து நூலோ சாயமோ எந்திரமோ வாங்குபவர்கள், சந்திப்புத் தேதிக்கு முன்பே சரக்கைத் துறைமுகத்தில் இறக்கிக்கொள்ளவும், வங்கியின் கடன் உறுதிக் கடிதத்தின் (எல்.சி.) காலக்கெடுவைச் சற்றுத் தள்ளி வாங்கவும் அது உதவும். இத்தகைய நெருக்கடியில் முதலில் காணப்படுவது பெரும்பாலும் தடை உத்தரவு அல்ல, சுங்கத்தில் தாமதம்.

எங்கள் கல்லூரியின் கருத்தரங்குக்கு வெளிநாட்டு முன்னாள் எம்.பி. ஒருவரை அழைத்திருக்கிறோம். தன் நாட்டில் ஜனநாயகத்துக்காகப் போராடி இப்போது வேறு நாட்டில் வசிப்பவர். மாவட்ட ஆட்சியரைத் தொடங்கிவைக்கச் சொல்லலாமா? அழைப்பிதழ் அச்சுக்குப் போக இருக்கிறது.
- துறைத் தலைவர், கோவை

அச்சை நிறுத்துங்கள். ஆட்சியர் பெயரை அவருடைய எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் போட வேண்டாம். இந்த நிகழ்ச்சிக்கு அவராகச் சம்மதம் தரவும் முடியாது.

வெளிநாட்டு விவகாரம் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் மத்தியப் பட்டியலில், 10ஆவது இனமாக வருகிறது. மாநில அரசுக்கே அதில் முடிவெடுக்கும் இடம் இல்லை என்னும்போது மாவட்ட நிர்வாகத்துக்கு ஏது? அதோடு அகில இந்தியப் பணிகளின் 1968ஆம் ஆண்டு நடத்தை விதிகள், வேற்று நாட்டு அரசோடு மத்திய அரசுக்குள்ள உறவைச் சங்கடப்படுத்தும் பேச்சை ஆட்சியருக்குத் தடுக்கின்றன. மேடையில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் விருந்தினர் தன் நாட்டு அதிபரைச் சர்வாதிகாரி என்கிறார், கூட்டம் கைதட்டுகிறது. ஆட்சியர் கைதட்டினாலும் செய்தி, தட்டாமல் இருந்தாலும் செய்தி. அந்த நிலையில் அவரை உட்கார வைப்பது அவருக்கும் நல்லதல்ல, விருந்தினருக்கும் நல்லதல்ல.

செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். குறைந்தது ஆறு வாரம், முடிந்தால் எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள்.

முதலில் விசா. சுற்றுலா விசாவில் வந்து கருத்தரங்கில் பேசுவதுதான் எல்லாவற்றையும் கெடுக்கும் தவறு. மாநாட்டு விசா என்று தனி வகை இருக்கிறது. அதற்கு உள்துறை அமைச்சகத்தின் நிகழ்ச்சி அனுமதியும், தன்மையைப் பொறுத்து வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் அனுமதியும் கேட்கப்படும். இந்த அரசியல் அனுமதிதான் உங்கள் கேள்விக்கும் விடை. அது கிடைத்தால், அரசு இந்த வருகையை அறிந்து இடம் தந்திருக்கிறது என்று பொருள். கிடைக்காவிட்டால் ஆட்சியர் பற்றிய பேச்சே எழாது. விசா கொடுத்துவிட்டுத் திரும்பப் பெற்றதும் நடந்திருக்கிறது: 2016 ஏப்ரலில் சீனாவின் உய்குர் சிறுபான்மையினரின் தலைவர் டோல்குன் ஈசாவுக்கு, தலாய் லாமா வசிக்கும் தரம்சாலாவில் நடந்த கூட்டத்துக்காகக் கிடைத்த விசா ரத்தானது. அதனால் விமானச் சீட்டைத் திரும்பப் பணம் பெறும் வகையில் வாங்குங்கள்.

இரண்டாவது கடிதங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் நேர்முக உதவியாளர் (பொது) வழியாக ஒன்று. நிகழ்ச்சி மாநகர எல்லைக்குள் என்றால் காவல் ஆணையருக்கு, வெளியே என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஒன்று. சென்னைத் தலைமைச் செயலகத்தில் பொதுத்துறையின் புரோட்டோகால் (அரசு மரபு முறை) பிரிவுக்கு ஒரு நகல். சென்னையில் வெளியுறவு அமைச்சகத்தின் கிளைச் செயலகம் இருக்கிறது, அதற்கும் ஒரு நகல். ஆட்சியருக்கு எழுதும் கடிதத்தில் 'தொடங்கிவைக்க வேண்டும்' என்று கேட்காதீர்கள். 'தகவலுக்காகவும், உரிய அறிவுரைக்காகவும்' என்று எழுதுங்கள். அப்போது கோப்பு மேலே போகும், பதிலும் மேலிருந்து வரும். தொடங்கிவைக்கக் கேட்டால் அந்த இடத்திலேயே 'வேறு பணி' என்று முடிந்துபோகும்.

கடிதத்தில் விருந்தினரின் முழுப் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி, குடியுரிமை, இப்போது வசிக்கும் நாடு, முன்பு வகித்த பதவியும் காலமும், விசா வகை, பேசும் தலைப்பு, மேடையில் இருப்பவர்கள், பார்வையாளர் எண்ணிக்கை, தங்குமிடம், பீளமேடு விமான நிலையத்துக்கு வந்து திரும்பும் விமான விவரம் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். அவருடைய பட்டத்தில் கவனம் தேவை. 'நாடுகடந்த அரசின் பிரதமர்' என்று அவரே போட்டுக்கொண்டாலும் நீங்கள் அரசுக்கு எழுதும் தாளில் 'முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர்' என்றே எழுதுங்கள். இந்தியா அங்கீகரிக்காத அரசின் பட்டத்தோடு வரும் கடிதத்தில் எந்த அலுவலரும் கையெழுத்திடத் தயங்குவார்.

மூன்றாவது, தொடங்கிவைப்பவர். துணைவேந்தர், ஓய்வுபெற்ற தூதர், ஓய்வுபெற்ற நீதிபதி, மூத்த வழக்கறிஞர், இவர்களில் ஒருவர் பொருத்தம். ஓய்வுபெற்ற தூதர் கிடைத்தால் வேறு யாரையும் தேட வேண்டாம். விஷயமும் தெரியும், அளந்தும் பேசுவார், அரசின் குரலாகவும் ஆகமாட்டார்.

பாதுகாப்பு பற்றிப் பேச நுண்ணறிவுப் பிரிவு அதிகாரி விருந்தினரைப் பார்ப்பார். அதை 'காவல்துறை சந்தித்தது' என்று செய்திக்குறிப்பில் போட்டுவிடாதீர்கள். தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும் காலத்தில் ஆட்சியர் மாவட்டத் தேர்தல் அலுவலர். அப்போது இந்த வேண்டுகோளையே எடுத்துச் செல்ல வேண்டாம்.

விருந்தினர் தங்கும் விடுதி செய்ய வேண்டியது ஏதாவது?
- விடுதி மேலாளர், மேட்டுப்பாளையம்

வெளிநாட்டவர் எவருக்கும் உள்ளதுதான்: வந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் பதிவு. பலரும் இன்னும் 'சி படிவம்' என்றே சொல்கிறார்கள். இவர் முக்கியஸ்தர், தெரியாமல் இருக்கட்டும் என்று பதியாமல் விட்டால் விடுதிக்கும் கேடு, அவருக்கும் கேடு. அறை எண்ணை மட்டும் வரவேற்பு மேசையில் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லாதீர்கள்.

நான் கவுன்சிலர். எம்.பி., எம்.எல்.ஏ., மேயர் இவங்கெல்லாம் அரசு அதிகாரி இல்லையே. இவங்க போய்ப் பார்க்கலாமுங்களா?
- வாசகர், பொள்ளாச்சி

பார்க்கலாம். பல நேரங்களில் அவர்களே மிகப் பொருத்தமானவர்கள். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவரை, தேர்ந்தெடுக்கப்படும் உரிமைக்காகப் போராடுபவர் சந்திப்பதில் இயல்பான பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் நாடாளுமன்றம்தான் இதில் எப்போதும் முன்னே போகும். 2008 மார்ச்சில் அவைத்தலைவர் நான்சி பெலோசி தரம்சாலாவுக்கே வந்தார்.

சிக்கல், ஒருவரே இரண்டு பதவி வகிக்கும்போது. 2021 டிசம்பரில் டெல்லியில் நாடுகடந்த திபெத்திய நாடாளுமன்றத்தினர் தந்த விருந்துக்கு இந்திய எம்.பி.க்கள் சிலர் போனார்கள். அவர்களில் மத்திய இணை அமைச்சர் ஒருவரும் இருந்தார். சீனத் தூதரகம் போனவர்களுக்குக் கவலை தெரிவித்துக் கடிதம் அனுப்பியது. எம்.பி.யாகத்தான் போனேன் என்று அமைச்சராக இருப்பவர் சொன்னாலும், வெளியில் இருப்பவர்கள் அமைச்சராகத்தான் பார்ப்பார்கள். மேயருக்கும் இது பொருந்தும். மாநகராட்சிக் கட்டடத்தில், சங்கிலி அணிந்து, தீர்மானம் போட்டு வரவேற்பது வேறு. கல்லூரி நிகழ்ச்சியில் பார்வையாளராக முன்வரிசையில் அமர்வது வேறு. இரண்டாவது போதும்.

2018 பிப்ரவரியில் திபெத்தியர்களின் 'நன்றி இந்தியா' நிகழ்ச்சிகளுக்கு மூத்த தலைவர்களும் அதிகாரிகளும் போக வேண்டாம் என்று டெல்லியில் குறிப்பு போனது. விழா டெல்லியிலிருந்து தரம்சாலாவுக்கு மாறியது. அங்கே மத்திய இணை அமைச்சர் மகேஷ் சர்மா கலந்துகொண்டார். கதவை முழுக்கச் சாத்தவும் இல்லை, முழுக்கத் திறக்கவும் இல்லை. இடத்தையும் பதவியையும் மாற்றி அளவு குறைத்தார்கள். இந்த ஒரு நிகழ்வை வரிசையாகப் படித்தாலே, அளவு குறைப்பது எப்படி என்று முக்கால் பாகம் புரியும்.

விருந்தினரின் நாட்டுத் தூதரகம் நேராக உள்ளூர் அதிகாரிக்கே போன் செய்து 'ஏன் சந்தித்தீர்கள்' என்று கேட்டால்?
- ஓய்வுபெற்ற வருவாய்த்துறை ஊழியர், கரூர்

தூதரக உறவுகள் பற்றிய 1961ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 41ஆவது பிரிவின்படி தூதரகம் தன் அலுவல்களை வெளியுறவு அமைச்சகத்தோடுதான், அல்லது ஒத்துக்கொண்ட வேறு அமைச்சகம் வழியாகத்தான் நடத்த வேண்டும். எனவே உள்ளூர் அதிகாரி மரியாதையாக 'இதை வெளியுறவு அமைச்சகத்திடம் தெரிவிக்கவும்' என்று சொல்லி வைத்துவிடலாம். துணைத் தூதரகங்களுக்கு உள்ளூர் அதிகாரிகளோடு பேச 1963ஆம் ஆண்டு ஒப்பந்தம் இடம் தருகிறது. அவர்கள் பேசினால் கேட்டுக்கொள்ளலாம், விளக்கம் சொல்லக் கூடாது. இரண்டு நிலையிலும் அழைத்தவர் பெயர், நேரம், சொன்னது மூன்றையும் எழுதி அன்றே மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும்.

இன்றைக்கு எதிர்க்கட்சி, நாளைக்கு ஆளுங்கட்சி. அதையும் கணக்கில் எடுப்பார்களா?
- வாசகி, நாமக்கல்

எடுக்க வேண்டும். ஆனால் நாளைக்கு அவர் ஆட்சிக்கு வருவார் என்ற ஊகம் மட்டும் காரணமாக இருக்கக் கூடாது. நெல்சன் மண்டேலா 1990 அக்டோபரில் இந்தியா வந்தபோது எந்த அரசுப் பதவியிலும் இல்லை. அதே ஆண்டுதான் சிறையிலிருந்து வெளிவந்திருந்தார், தென்னாப்பிரிக்காவில் அனைவருக்குமான தேர்தல் நடக்க இன்னும் நான்கு ஆண்டு. ஆனாலும் நாட்டுத் தலைவருக்குரிய வரவேற்பும் பாரத ரத்னாவும் அவருக்குக் கிடைத்தன. அது எப்படி முடிந்தது? 1946லேயே தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை இந்தியா துண்டித்திருந்தது. மண்டேலாவின் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ் 1967இலிருந்து டெல்லியில் அலுவலகம் வைத்திருந்தது. நம் நிலைப்பாடு நாற்பது ஆண்டுக்கும் மேலாக ஒன்றே. அதனால் உச்சப் படி என்பது புதுச் செய்தியே அல்ல.

மியான்மர் அப்படி இல்லை. அந்நாட்டு ஜனநாயகத் தலைவர் ஆங் சான் சூச்சிக்கு நேரு விருது 1990களின் நடுவில் கொடுத்தோம். அதே காலத்தில் ராணுவ அரசோடு எல்லைப் பாதுகாப்புக்காகப் பேசவும் தொடங்கினோம். 2012 நவம்பரில் அவர் டெல்லி வந்து பிரதமர் மன்மோகன் சிங்கைச் சந்தித்து, நேரு நினைவுச் சொற்பொழிவும் ஆற்றினார். அப்போது அந்தப் படி எளிதாகக் கூடிவந்ததற்குக் காரணம், அந்த ஆண்டு ஏப்ரலில் அவர் இடைத்தேர்தலில் வென்று எம்.பி. ஆகியிருந்தார். அவர் நாட்டுச் சட்டமே அவருக்கு ஓர் இருக்கை தந்துவிட்டது. நாம் முதலில் சொன்ன நான்கு கேள்விகளில் 'சட்டப்படி யார்' என்பதற்கு இவ்வளவு எடை இருக்கிறது.

இன்னொன்றும் எங்கள் மனதில் கனமாக இருக்கிறது. வந்தவர் திரும்பிப் போகிறவரா, இல்லையா? திரும்பிப் போகிறவர் என்றால், உயர்ந்த பதவியில் இருப்பவரோடு எடுத்த படம் சில நேரம் அவருக்குக் காப்பு, சில நேரம் 'அந்நியக் கைக்கூலி' என்று வழக்குப் போட ஆதாரம். எது என்று அவருக்குத்தான் தெரியும். கேட்காமல் படம் வெளியிடும் அரசு, தன் பெருமைக்காக இன்னொருவர் தலையைப் பணயம் வைக்கிறது. நாடுகடந்து இருப்பவர் என்றால் ஊரில் உள்ள பெற்றோரையும் கூடப்பிறந்தவரையும் பற்றிக் கேளுங்கள்.

சால்வை போட்டு, ஜமக்காளம் பரிசு கொடுத்து அனுப்ப ஆசை. ஏதும் தப்பாகுமா?
- நெசவாளர் கூட்டுறவு உறுப்பினர், பவானி

பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடே உண்டு, அருமையான பரிசு. சிறிய அளவாகத் தேர்ந்தெடுங்கள், விமானத்தில் கொண்டுபோகச் சுலபம். நிறத்தை மட்டும் பாருங்கள். பெலாரஸ் எதிர்க்கட்சியினரின் கொடி வெள்ளை-சிவப்பு-வெள்ளைப் பட்டை. ஹாங்காங்கில் 2014 போராட்டத்தின் அடையாளம் மஞ்சள் குடை. அந்த நிறத்தில் துண்டைப் போட்டு, போட்டவர் அரசு அதிகாரி என்றால், படம் பார்க்கிறவர்கள் அவர் கொடியை ஏற்றுக்கொண்டதாகவே எழுதுவார்கள். கல்லூரிச் செயலர் போட்டால் பரவாயில்லை. வெள்ளைக் கதராடை எல்லோருக்கும் பொருந்தும். விருந்தினர் பதிலுக்கு அரசு அலுவலருக்கு ஏதாவது கொடுத்தால், அவர் அதை விதிப்படி தன் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும்.

சந்திக்க முடியாது என்று முடிவானால் எப்படிச் சொல்வது? மனம் நோகாமல் சொல்ல வழி உண்டா?
- வாசகர், தாராபுரம்

பொய்க் காரணம் சொல்லாதீர்கள். 'அமைச்சர் வெளியூரில்' என்று சொல்லிவிட்டு அன்று மாலையே அமைச்சர் உள்ளூர் விழாவில் படத்தில் வந்தால், மறுத்ததைவிட அது பெரிய அவமதிப்பு. தாமதிக்கவும் வேண்டாம். விமானம் ஏறும் வரை 'பார்த்துச் சொல்கிறோம்' என்று இழுப்பது, வந்தவரின் மற்ற நிகழ்ச்சிகளையும் குலைத்துவிடும். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே, அவருடைய உதவியாளரிடம் தொலைபேசியில் சொல்லுங்கள், எழுத்தில் வேண்டாம். எழுதிய மறுப்பு இரண்டு தரப்பாலும் செய்தியாக்கப்படும். யாரால் முடியாது என்பதோடு யாரால் முடியும் என்பதையும் அதே பேச்சில் சொல்லுங்கள்: 'அமைச்சர் மட்டத்தில் இந்த முறை இல்லை, பிரிவின் இணைச் செயலர் வியாழக்கிழமை காலை 10 மணிக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார், நீங்கள் அனுப்பிய கைதிகள் பட்டியலைப் படித்துவிட்டு வருவார்.' பட்டியலை அவர் உண்மையிலேயே படித்துவிட்டு வர வேண்டும்.